நாலு ட்யூபும் கொரங்காடும்

எண்ணெய் வண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியில் போய் வரைய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை கலர் வாங்கணும்?" என்றுதான். நாலு என்றால் நம்ப மாட்டார்கள். சிக்கனத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, இருபத்து நாலு ட்யூப் அடுக்கிய பெட்டியாகப் பார்த்து வாங்கிவிடுவார்கள். வருடம் திரும்பியதும் பார்த்தால் வெள்ளை மட்டும் தீர்ந்திருக்கும். மற்றதெல்லாம் மூடி இறுகிப்போய், குறடு போட்டுத் திருகினாலும் அசையாமல் கிடக்கும்.

நாலு போதும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாகத் தெரியவில்லை. காரணம் என் பிழைப்பு. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஷேடு மேட்சிங் பார்க்கிறேன். பையர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் துணி அனுப்புவார். அந்த நிறம் நம் பருத்தித் துணியில் அப்படியே வர வேண்டும். ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நீலம் அல்லது நேவி. பெரும்பாலான ஷேடுகள் இந்த மூன்று ரியாக்டிவ் சாயங்களுக்குள் அடங்கிவிடும். காக்கி, ஆலிவ், மெரூன், எலிச் சாம்பல் எல்லாம் இதே மூன்றுதான், கிராம் கணக்குதான் வேறு. மூன்றும் நூலில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஏறுகிறவையாக இருக்க வேண்டும். ஒன்று முந்தி இன்னொன்று பிந்தினால் லாட்டுக்கு லாட் நிறம் ஓடும், அப்புறம் ராத்திரி ஷிஃப்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. கண்ணாடி போல மின்னும் டர்க்வாய்ஸ், கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசென்ட் மாதிரி சிலவற்றுக்குத்தான் தனிச் சாயம் எடுப்போம்.

ஆனால் லேபில் விளக்கு நகராது. சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி, அதற்குள் பகல் வெளிச்சத்துக்கு ஈடாக டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84. இரண்டிலும் துணி பொருந்தினால் பாஸ். ஒன்றில் பொருந்தி இன்னொன்றில் கழன்றுகொண்டால் மெட்டாமெரிசம் என்று திருப்பி அனுப்புவார்கள். நிறத்தை நிறத்தோடு வைத்துப் பார்த்து, அப்படியே பிடிப்பதுதான் வேலை. கொரங்காட்டில், அதாவது திறந்த மேய்ச்சல் நிலத்தில், போய் நின்றால் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். அங்கே வெளிச்சத்தை வண்ணத்தால் அப்படியே பிடிக்கவே முடியாது. வெயில் பட்ட ஒரு கல்லின் பிரகாசம் டைட்டானியம் வெள்ளையிடம் கிடையாது. கல்லுக்கும் அதன் நிழலுக்கும், புல்லுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற உறவைத்தான் பலகைக்குக் கொண்டுவர முடியும். எது எதைவிட வெளுப்பு, எது எதைவிடச் சூடு என்ற கணக்கு. அந்தக் கணக்குக்கு ட்யூப் எத்தனை குறைகிறதோ அத்தனை நல்லது. எந்த ட்யூப்களைக் குறைப்பது என்பதைத்தான் எந்த ஓவியரிடமும் கேட்டுப் பயனில்லை, நிற்கிற மண்ணிடமும் மாதத்திடமும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஸோர்னைத் தொடாமல் இந்தப் பேச்சு நகராது. ஆண்டர்ஸ் ஸோர்ன், ஸ்வீடன்காரர், 1860இல் பிறந்து 1920இல் இறந்தார். 1896இல் தன்னைத்தானே வரைந்துகொண்ட படம் ஒன்றில் கையில் வண்ணம் கலக்கும் தட்டோடு நிற்கிறார். தட்டில் வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கருப்பு. நீலம் கிடையாது. இந்த நாலுக்கு 'ஸோர்ன் பேலட்' என்றே பெயர் நின்றுவிட்டது. அவர் நாளில் சிவப்புக்கு வெர்மிலியன், வெள்ளைக்கு ஈய வெள்ளை. இப்போது காட்மியம் ரெட் லைட்டும் டைட்டானியமும் எடுத்துக்கொள்கிறோம். வாழ்நாள் பூராவும் அவர் இந்த நாலைத் தவிர எதையும் தொடவில்லை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். தேவைப்பட்ட இடத்தில் நீலத்தையும் பச்சையையும் எடுத்தவர்தான்.

நாலு நிறக் கதை அவருக்கும் மிக முந்தியது. கிரேக்கத்தின் பெரிய ஓவியர்கள், அபெல்லீஸ் உட்பட, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கருப்பு என்ற நாலு நிறத்திலேயே வரைந்தார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரிப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இந்தியாவிலிருந்து வரும் பச்சைக் கல்லைப் பற்றி, அதாவது பெரில் பற்றி, எழுதியவரும் இவரேதான். அந்தக் கல் காங்கயம் பக்கத்துப் படியூரில் கிடைத்தது, நொய்யல் கரையில் கொடுமணலில் மணி கோத்தார்கள் என்பதெல்லாம் நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த சேதி. நீலமும் பச்சையும் இங்கிருந்து கப்பலேறிப் போயிருக்க, அந்தப் பக்கத்து ஓவியர் நீலமில்லாமல் வரைந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறார் மனுஷன்.

நமக்கு இன்னும் பக்கத்தில், கோயம்புத்தூருக்கு மேற்கே குமிட்டிபதிப் பாறையில் யானையும் மயிலும் வெள்ளை நிறத்தில் இருக்கின்றன. ஒரே நிறம். பாறையின் நிறத்தையே மற்றதாக எடுத்துக்கொண்டு விட்டார்கள். பலகையில் முதலில் காவியை டர்பன்டைனில் கரைத்துப் பூசி, துணியால் துடைத்துவிட்டு, அந்தச் செம்மண் சாயல் இடையிடையே தெரியும்படி விட்டு வரைகிறோமே, அதுவும் இதே உத்திதான்.

சரி, வெளியில் போகும்போது ஏன் குறைக்க வேண்டும்? வெயில்தான் காரணம். கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாமே பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கின்றன. ஸோர்ன் பிறந்த மோரா 61 டிகிரி. அங்கே கோடையில் சூரியன் சாய்ந்து சாய்ந்து மணிக்கணக்காக இறங்கும். மஞ்சள் வெளிச்சம் சாவகாசமாக நிற்கும். இங்கே பந்தை மேலே எறிந்த மாதிரி நேராக ஏறும், நேராக விழும். பங்குனியில் காலை ஏழு மணிக்கு ஒரு பனையின் நிழல் அதன் உயரத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு கிடக்கும். ஒன்பது மணிக்குப் பார்த்தால் மரத்தின் உயரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சித்திரை பிறந்த முதல் வாரத்திலேயே உச்சிப்பொழுதில் சூரியன் மண்டைக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது வரைவதற்கு நிழலே இருக்காது. மரத்தடியில் வட்டமாக ஒரு கறை, அதில் நாலு ஆடு.

ஆக, கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அதற்குள் பன்னிரண்டு ட்யூபை வைத்துக்கொண்டு, இந்தப் பச்சைக்கு அந்தப் பச்சையா இந்தப் பச்சையா என்று நிற்க முடியாது. நாலு இருந்தால் கலக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும். கலந்ததில் எல்லாம் ஒன்றின் ரத்தம் இன்னொன்றில் ஓடுவதால் படம் தானாகச் சேர்ந்து நிற்கும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வெள்ளை போக மீதி மூன்று நிறம் எட்டக்கூடிய எல்லை சின்னது. அதற்குள் எதைத் தொட்டாலும் கண்ணை உறுத்துகிற தூரத்துக்குப் போகாது. கலர் அளக்கும் மெஷினில் போட்டால் ஒரு சின்ன முக்கோணமாகவே வரைந்து காட்டிவிடலாம்.

நான் போகிற இடம் பெரும்பாலும் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், ஊதியூர் மலை தெரிகிற மாதிரி ஏதாவது ஒரு கொரங்காடு. தெரியாதவர்களுக்கு: கொரங்காடு என்றால் உழாத மேய்ச்சல் நிலம். கிளுவை முள்ளால் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாசியிலிருந்து சித்திரை வரை அந்தப் புல் காய்ந்து கிடக்கும் நிறத்துக்கு யெல்லோ ஓக்கரில், அதாவது மஞ்சள் காவியில், வெள்ளையைக் கலந்தாலே முக்கால்வாசி வந்துவிடும். மண் சிவப்பு. மண்ணைச் சிவக்க வைப்பது இரும்புத் துரு, காவி ட்யூபுக்குள் இருப்பதும் அதே இரும்புத் துரு. மஞ்சள் காவியைச் சூடாக்கினால் உள்ளிருக்கும் நீர் போய்ச் சிவப்புக் காவியாகும். பர்ன்ட் சியன்னா என்று விற்பதும் இந்த மாதிரி வறுத்த மண்தான். இந்த மாதங்களில் ஸோர்னின் நாலு நிறம் இந்த மண்ணுக்கென்றே செய்த மாதிரி உட்காரும். ஆகாயம் கூடத் தடுக்காது. அந்த நாளில் காற்றில் புழுதி நிற்பதால் வானம் நீலமாக இருக்காது, பால் கலந்த சாம்பலாக இருக்கும். ஐவரி பிளாக் என்ற கருப்பில் ஒரு நுனி எடுத்து வெள்ளையில் கலந்தால் போதும்.

கருப்பும் வெள்ளையும் கலந்தால் நீலமா என்று கேட்பீர்கள். தட்டில் பார்த்தால் சாம்பல்தான். பலகையில் வைக்கும்போதுதான் விஷயம். மயிலைக் காளை ஒன்று வேலமரத்தடியில் நின்றுகொண்டிருந்ததை வரைந்ததைச் சொல்கிறேன். காங்கயம் மாட்டில் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலாகும். பொலிகாளைக்குத் திமில், கழுத்து, முன்னத்தொடை எல்லாம் கருத்து வரும். கன்றுக்குப் பர்ன்ட் சியன்னா மாதிரி ஒரு நிறம், காளைக்குக் கருப்பு-வெள்ளை. இப்படி நாலு ட்யூபுக்குள் அடங்குகிற மாடு வேறு எங்கேயும் இருக்குமா தெரியவில்லை. முதலில் சுற்றியுள்ள புல்லை ஓக்கரில் நிரப்பிவிட்டேன், வெயில் பட்ட புல் ஒரு குவியல், நிழல் புல் ஒரு குவியல். நிழல் புல்லுக்கு ஓக்கரில் கொஞ்சம் கருப்பைத் தொட்டேன், அது ஆலிவ் பச்சையாக இறங்கியது. அப்புறம் காளையின் வயிற்றுப் பக்கத்து நிழலுக்கு வெறும் கருப்பு, வெள்ளை. அந்தச் சாம்பலை ஓக்கர் நடுவில் வைத்ததும் குளிர்ந்து நீலமாக எழுந்துகொண்டது. முதுகுக்கு வெள்ளையில் சிவப்பை ஊசிமுனை அளவு சேர்த்தேன். வெயிலுக்கு அது போதும்.

மாட்டுக்காரப் பெரியவர் வந்து பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏனம்மணி, மாடு சாம்பலாத்தானுங் நிக்குது? நீங்க என்ன நீலத்தப் பூசிட்டிருக்கறீங்?"

நான் தட்டைத் திருப்பிக் காட்டினேன். தட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"இதுல இல்லீங். அதுல இருக்குதுங்."

"ஆமாங்யா."

"அது கெடக்கட்டும். திமிலு பத்தாதுங். இன்னும் ரெண்டு விரக்கட ஏறோணும். இந்த மாட்ட இப்பிடிப் பாத்தா எவன் வாங்குவான்?"

திமிலை ஏற்றினேன். அவர் சொன்னதுதான் சரி, கண்ணுக்கு நேராகவே நின்றுகொண்டிருந்தது.

அவர் முதலில் கேட்டதைத்தான் ஒரு சாயக்காரர் புத்தகமாகவே எழுதினார். மிஷேல் ஷெவ்ருல், பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்றார். கருப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அங்கே புகார். இவர் சோதித்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கருப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதைத் துருவிப் போய் 1839இல் அடுத்தடுத்து வைத்த நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று எழுதினார். பின்னால் வந்த பிரெஞ்சு ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 102 வயது வரை இருந்த மனிதர். எங்கள் பட்டறையில் நிறம் சரியில்லை என்று ரிப்பீட் வந்தால் முதலில் சாயத்தைத்தான் திட்டுவோம். சாயக்கூடத்துப் புகார் ஒன்று ஓவியத்தையே திருப்பிப் போட்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது.

ஐப்பசி மழை இறங்கியதும் ஸோர்னின் நாலும் கை கொடுக்காது. புழுதி அடங்கி, வானம் கழுவிவிட்ட நீலமாக நிற்கும். அங்கே கருப்பு-வெள்ளைச் சாம்பலை வைத்தால் புதிதாகப் பூசிய சிமெண்ட் மாதிரிதான் தெரியும். புல் துளிர்த்திருக்கும், ஓக்கரும் கருப்பும் சேர்ந்த ஆலிவ் அதன் பக்கத்தில் சோகை பிடித்துப்போகும். அதை எப்படியாவது இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று விரதம் மாதிரி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஐப்பசியில் என் நாலு இப்படி மாறும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம். கருப்பு வீட்டில் இருக்கும். சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தாலே கருப்பாகிவிடும். சியன்னா கூடினால் சூடான கருப்பு, நீலம் கூடினால் குளிர்ந்த கருப்பு. வெள்ளை சேர்த்தால் இரண்டுக்கும் நடுவில் எத்தனை சாம்பல் வேண்டுமோ அத்தனை. ஊதியூர் மலை மழைக்குப் பின்னால் கொள்கிற நிறத்துக்கு இதைவிட நல்ல சோடி எனக்குத் தெரியவில்லை.

அல்ட்ராமரின் என்றதும் பெரிய இடத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் அப்படித்தான். ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லாசுலிக் கல்லை அரைத்து எடுத்தார்கள், தங்கத்துக்குச் சமமாக விலை. 1820களில் பிரான்சில் செயற்கையாகச் செய்ய வழி கண்டுபிடித்த பிறகு அது சலவைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டது. வெள்ளை வேட்டிக்குப் போடும் பழைய நீலப் பொடி இருக்கிறதே, அதுவும் ட்யூபுக்குள் இருப்பதும் ஒரே பொருள். சொட்டு நீலம் வேறு, அது சாயம். பொங்கலுக்குச் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து சுவரடித்தார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் ஏறிய வெள்ளையின் மேல் துளி நீலம் பட்டால் கண்ணுக்கு அது இன்னும் வெள்ளையாகத் தெரியும். அப்பத்தாக்கள் எல்லாரும் ஷெவ்ருலைப் படிக்காமலே செய்துகொண்டிருந்த வேலை இது.

பச்சைக்கு வருவோம். பச்சை ட்யூப் வாங்காதீர்கள் என்பதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லுவேன். ட்யூபில் வரும் பச்சைகளில் பல, நம்மூர் எந்த இலையிலும் கிடையாத பச்சை. அல்ட்ராமரினும் ஓக்கரும் சேர்ந்து வருகிற மங்கல் பச்சை வேலமரத்துக்கும் பனையோலைக்கும் வேலிக் கிளுவைக்கும் அளவெடுத்த மாதிரி இருக்கும். கோபி பக்கம் நடவு முடிந்த வயலுக்கும், காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்து வாழைக்கும், பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்கும் அது போதாது. அங்கே போகும்போது மட்டும் ஒரு லெமன் யெல்லோ ட்யூபையும் எடுத்துக்கொள்வேன், ஓக்கரை விட்டுவிட்டு. நாலு நாலாகவே இருக்கும். பதிமூன்றாம் நூற்றாண்டில் பவானியையும் நொய்யலையும் இணைத்து வெட்டிய வாய்க்கால் அது. தண்ணீர் போகிற இடத்துக்கு ஒரு நிறம், போகாத இடத்துக்கு ஒரு நிறம் என்று அன்றே பிரித்துவிட்டார்கள். ஒரே நாளில் காலை சென்னிமலைப் பக்கத்து மேட்டுக்காட்டில் ஒரு பலகை, மாலை வாய்க்கால் ஓரத்தில் ஒரு பலகை வரைந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே மாவட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஈரோட்டுப் பக்கம் வரைந்தால் தவறாமல் ஒருவர் கேட்பார்: "மஞ்சள் இங்கயே மலிஞ்சு கெடக்குதுங், அரைச்சு அடிச்சா ஆகாதுங்களா?" ஆகாது. மஞ்சளின் நிறம் குர்க்குமின். வெயில் பட்டால் வெளுத்துவிடும். மஞ்சள் தடவிய நோன்புக் கயிறு எத்தனை நாள் மஞ்சளாக இருந்தது என்று யோசித்தால் தெரியும். துணிக்கு வெளிச்சம் தாங்கும் சோதனை செய்யும்போது நீலக் கம்பளித் துண்டுகள் எட்டைப் பக்கத்தில் வைத்து வெளிச்சம் காட்டுவோம். ஒன்று சீக்கிரம் வெளுக்கும், எட்டு கடைசி வரை நிற்கும். எந்தத் துண்டோடு சேர்ந்து நம் துணி வெளுக்கிறதோ அதுதான் மார்க். ஓவிய வண்ணங்களையும் இதே கம்பளித் துண்டுகளோடு வைத்துப் பார்ப்பதுண்டு. காவிகளுக்கும் அல்ட்ராமரினுக்கும் வெளிச்சத்தைப் பற்றிக் கவலையே இல்லை. ட்யூப் வாங்கும்போது பெயரைவிட லைட்ஃபாஸ்ட்னெஸ் குறியைப் பாருங்கள்.

இனி வேறு சில்லறைச் சங்கடங்கள். ஆனிக்கும் ஆடிக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று. மூன்று கால் ஸ்டாண்டை அது ஒரு பொருட்டாக நினைக்காது. தண்ணீர்க் கேன் ஒன்றை நடுவில் தொங்கவிட்டுக் கட்டுவேன். அதுவும் தாங்காத நாளில் தரையில் உட்கார்ந்து மடியில் பெட்டியை வைத்துக்கொள்வதுதான் உத்தமம். அந்த மூன்று கால் ஸ்டாண்டினால் இன்னொரு வம்பு உண்டு. மேட்டில் நிறுத்திவைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மலையைப் பார்த்தால் சர்வே என்று நினைத்துவிடுவார்கள். உயர்மின் கோபுரத்துக்காகப் போராடிக் களைத்த ஊர்கள் இவை. "எந்த லைனுங் இது?" என்று முகம் இறுகி வருகிறவரிடம், ட்யூபையும் பிரஷையும் காட்டி, மோர் குடித்துவிட்டு, அவர் வீட்டு முன்வாசலையும் ஒருநாள் வரைவதாக ஒத்துக்கொண்டுதான் நகர முடியும்.

குடை கருப்பாகவே இருக்கட்டும். கடையில் அழகாக இருக்கிறதே என்று சிவப்பிலும் பச்சையிலும் வாங்கினால் குடை வழியாக இறங்கும் வெளிச்சம் பலகையையே சாயம் போட்டுவிடும். வீட்டுக்குப் போய்த்தான் தெரியும். தட்டும் பலகையும் ஒரே நிழலில் இருக்க வேண்டும். பலகை வெயிலில் இருந்தால் கண் கூசி நிறத்தை இறக்கி வைப்போம், கூடத்தில் மாட்டினால் இருட்டாகத் தெரியும். லேபில் அந்தச் சாம்பல் பெட்டி எதற்கு இருக்கிறது என்று வெளியில் போன பிறகுதான் மரியாதை வந்தது.

பிரஷ் துடைக்கத் திருப்பூர்க்காரிக்கு என்ன குறை, பனியன் வேஸ்ட் மூட்டையாகவே கிடைக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில், அதுவும் பெட்ரோல் டேங்க் பக்கத்தில், அந்த மூட்டையை வைத்துக்கொண்டு வருவது என்ன லட்சணம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள டின்னில் தண்ணீர் ஊற்றி அதற்குள் அமுக்கி எடுத்து வருகிறேன்.

புல் விதை, புழுதி, ஈ எல்லாம் ஈரப் பலகையில் வந்து ஒட்டும். கொழுக்கட்டைப் புல்லின் விதைக்கு மயிர் மயிராக இருப்பதால் ஓக்கரில் போய்ப் பக்குவமாக உட்கார்ந்துகொள்ளும். நான் பிடுங்குவதில்லை. பிடுங்கினால் வடு தான் மிச்சம். வான்கோ 1889இல் வரைந்த ஆலிவ் மரப் படம் ஒன்றில் வண்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி சிக்கியிருந்ததை 2017இல் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். அவருக்கே அப்படியென்றால் நமக்கு ஒரு புல் விதை என்ன.

இந்த நாலுக்கு அகப்படாததையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்களில் இப்போது வீடுகளுக்கு அடிக்கிற நிறம். பஞ்சுமிட்டாய் ரோஸ் சுவர், கிளிப்பச்சைத் தூண், ஊதா மாடிப்படி, வாசலில் ஆரஞ்சு கேட். காவியும் அல்ட்ராமரினும் சேர்ந்து எந்தக் காலத்திலும் அந்த ரோஸைத் தராது. சுற்றிலும் சாம்பலைப் பூசி, நடுவில் வெள்ளையோடு சிவப்பைத் துளி சேர்த்து வைத்தால் ஒருவித ரோஸாகத் தெரியும். வீட்டுக்காரர் பார்த்தால் "எங்கூடு என்னுங் இப்பிடி மங்கிக் கெடக்குது, போன தைக்குத்தான் பெயிண்ட் அடிச்சோம்" என்பார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, பெயிண்டுக்குக் காசு கொடுத்தவர் அவர்தானே. கோபுரத்துப் பொம்மைகளுக்கும் இதே கதை. டர்க்வாய்ஸ் ஷேடு வந்தால் பட்டறையில் தனிச் சாயத்தை எடுக்கிற மாதிரி, இதற்கும் ஒரு மெஜந்தா ட்யூபை வாங்கி வைத்திருக்கிறேன். மோர் கொடுத்தவர் வீட்டு முன்வாசலுக்கு அதைத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் வீடும் ரோஸ்.